மண்ணுக்குள் ஓர் ஒளிக்கூடம்

நுழையும்முன்

கட்டடம் என்றதும் உயரமே நம் நினைவுக்கு வருகிறது. நிலத்தின்மேல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதைக் கொண்டே அதன் பெருமையை அளக்கிறோம். ஆனால், வெளியே நிற்பவர் கண்ணில் படக்கூடாது என்பதையே முதல் நிபந்தனையாக ஏற்றுக் கட்டப்பட்ட கட்டடங்களும் உலகில் உண்டு. ஜப்பானின் சிறு தீவுகள் இரண்டில் அத்தகைய கலை அருங்காட்சியகங்கள் அமைந்துள்ளன. அவை மண்ணோடு இணைந்த கதையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உள்நாட்டுக் கடலும் உருக்காலையும்

ஜப்பானின் பெருந்தீவுகளான ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு ஆகிய மூன்றுக்கும் இடையே அமைதியான கடற்பரப்பு ஒன்று உள்ளது. செட்டோ உள்நாட்டுக் கடல் என்பது அதன் பெயர். அலை மிகுதியாக எழாத அந்நீர்ப்பரப்பில் நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. 1934ஆம் ஆண்டு ஜப்பான் தன் முதல் தேசியப் பூங்காக்களை அறிவித்தபோது, இக்கடற்பகுதியும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

அவ்வாறு அறிவிக்கப்பட்ட அழகுக்கு நடுவிலேதான் வேறொரு வரலாறும் நிகழ்ந்துகொண்டிருந்தது. நவோஷிமா என்னும் சிறு தீவு சுமார் 8 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் வடமுனையில் 1917ஆம் ஆண்டு செம்பு உருக்காலை ஒன்று தொடங்கப்பட்டது. மீன்பிடித்தலை நம்பியிருந்த தீவுக்கு ஆலை வேலையையும் வருவாயையும் தந்தது. அதே ஆலையின் புகை தீவின் வடபகுதிக் குன்றுகளிலிருந்த மரங்களைக் கருகச் செய்தது. பிற்காலத்தில் ஆலையில் வேலை குறைந்தது. இளைஞர்கள் பெருநகரங்களை நோக்கிச் சென்றனர். ஒருகாலத்தில் ஏறத்தாழ எண்ணாயிரமாக இருந்த மக்கள்தொகை, பின்னர் மூவாயிரம் அளவுக்குச் சுருங்கியது. மரம் இழந்த வடக்கு, பசுமை மிகுந்த தெற்கு, நடுவே முதியவர்களின் கிராமம் என்பதே அத்தீவின் நிலையாயிற்று.

1985ஆம் ஆண்டு அத்தீவின் தலைவரான சிகத்சுகு மியாகேயும், அருகிலுள்ள ஒகயாமா நகரில் பதிப்பகம் நடத்திவந்த டெட்சுஹிகோ ஃபுக்குடகேயும் சந்தித்தனர். தீவின் தென்பகுதியைக் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய இடமாக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்த கருத்துடையவராயினர். அடுத்த ஆண்டே ஃபுக்குடகே மறைந்தார். டோக்கியோவில் பணியாற்றிவந்த அவருடைய மகன் சோய்ச்சிரோ ஊர் திரும்பித் தந்தையின் பொறுப்பை ஏற்றார். 1989இல் சிறுவர்கள் கூடாரமிட்டுத் தங்கும் முகாமாகத் தொடங்கிய அம்முயற்சி, 1992இல் தங்கும் விடுதியும் அருங்காட்சியகமும் இணைந்த ஒரு கட்டடமாக வளர்ந்தது. இவ்விரண்டு பணிகளிலும் துணைநின்றவர் ஒசாகாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ.

ஆண்டோவின் வாழ்க்கை வியப்புக்குரியது. இளமையில் குத்துச்சண்டை வீரராக விளங்கிய அவர், எந்தக் கல்லூரியிலும் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். நூல்களைப் படித்தும் பயணங்களில் கட்டடங்களை நேரில் கண்டும் தாமாகவே கற்றவர். பூச்சு எதுவுமின்றி வழவழப்பாக நிற்கும் கான்கிரீட் சுவர்களும், அவற்றின்மேல் விழும் ஒளியுமே அவருடைய கலைக்கு அடையாளம். 1995ஆம் ஆண்டு கட்டடக்கலையின் உயரிய விருதாகிய பிரிட்ஸ்கர் பரிசு அவரை வந்தடைந்தது.

ஓர் ஓவியம் எழுப்பிய கேள்வி

சோய்ச்சிரோ ஃபுக்குடகே, பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தம் இறுதிக் காலத்தில் தீட்டிய அல்லிக்குள ஓவியம் ஒன்றை வாங்கினார். இரு பகுதிகளாக அமைந்த அவ்வோவியம் 2 மீட்டர் உயரமும் 6 மீட்டர் நீளமும் உடையது. அதனை எங்கே, எவ்வாறு வைப்பது என்னும் கேள்வியிலிருந்துதான் புதிய அருங்காட்சியகம் பிறந்தது.

இக்கேள்வி எளிதன்று. மோனே, ஜிவெர்னி என்னும் ஊரில் தம் வீட்டருகே தாமே குளம் வெட்டி, அல்லி வளர்த்து, அந்நீரின்மேல் காலையும் மாலையும் மாறும் ஒளியை ஆண்டுக்கணக்கில் தீட்டியவர். குளத்தைக் காட்டிலும் குளத்தின்மேல் படியும் ஒளியே அவருடைய பாடுபொருள் எனலாம். அத்தகைய ஓவியத்தை மின்விளக்கின் மாறாத வெளிச்சத்தில் மாட்டிவைத்தால் அதன் உயிர் குன்றும். பாரிஸ் நகரிலுள்ள ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மோனேயின் பெரும் அல்லி ஓவியங்கள் 1927ஆம் ஆண்டு முதல் இயற்கை ஒளியில் வைக்கப்பட்டிருந்தன. 1960களில் அங்கே மேல்தளம் ஒன்று கட்டப்பட்டு, வான் ஒளி மறைக்கப்பட்டது. அத்தவற்றைத் திருத்தி, ஒளியை மீட்டு, அக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது 2006ஆம் ஆண்டில்தான். ஒரு கட்டடம் தான் காக்க வந்த கலையையே மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நவோஷிமாவில் இரண்டாவது சிக்கலும் இருந்தது. அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் தென்கடலைப் பார்த்த ஒரு குன்று. முன்னாளில் அங்கே உப்பளங்கள் படிப்படியாக அமைந்திருந்தன. அக்குன்றின்மேல் பெருங்கட்டடம் ஒன்று எழுந்தால், கடலிலிருந்து காண்போருக்குத் தீவின் உருவமே மாறிவிடும். எந்தக் காட்சியை நாடி மக்கள் வருவார்களோ, அக்காட்சியைக் கட்டடமே விழுங்கிவிடும்.

ஓவியத்துக்கு வான்ஒளி வேண்டும். குன்றுக்கோ கட்டடம் மேலே தெரியக்கூடாது. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் ஆண்டோ ஒரே விடையால் நிறைவேற்றினார். கட்டடம் முழுவதையும் மண்ணுக்குள் வைத்தார். ஒளி புகுவதற்கு மட்டும் மண்ணைத் திறந்தார். 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் பெயர் சிச்சூ கலை அருங்காட்சியகம். ஜப்பானிய மொழியில் 'சிச்சூ' என்பதற்கு 'நிலத்தின் உள்ளே' என்று பொருள்.

திறப்புகளால் ஆன கட்டடம்

இவ்வருங்காட்சியகத்துக்கு முகப்பு என ஒன்று இல்லை. வெளியே நின்று 'இதுதான் கட்டடம்' என்று சுட்டிக்காட்ட இயலாது. வானிலிருந்து நோக்கினால் மட்டுமே பசுங்குன்றின்மேல் சதுரம், முக்கோணம், செவ்வகம் எனச் சில வடிவங்கள் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். அவையே உள்ளிருக்கும் கூடங்களின் திறப்புகள்.

உட்செல்பவர் முதலில் உயர்ந்த கான்கிரீட் சுவர்களுக்கு இடையே நடக்கிறார். சதுர முற்றம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதன் தரையில் நாணல் போன்ற பசுந்தண்டுகள் அடர்ந்து நிற்கின்றன. அடுத்து வரும் முக்கோண முற்றத்தில் பசுமை இல்லை. சுண்ணாம்புக் கற்களே பரப்பப்பட்டுள்ளன. சில சுவர்கள் நேராக நில்லாமல் சாய்ந்துள்ளன. சுவரில் நீளவாக்கில் வெட்டப்பட்ட இடுக்கு வழியே முற்றத்தின் ஒளி நடைவழியில் கீற்றாக விழுகிறது. கண்ணுக்கு எட்டுவன சுவர், நிழல், தலைக்குமேல் ஒரு துண்டு வானம் ஆகியவை மட்டுமே. கடற்கரைக் குன்றில் நிற்கிறோம் என்பதே சிறிது நேரம் மறந்துபோகிறது. பரந்த வானத்தின்கீழ் நாள்முழுதும் நடந்தாலும் நாம் அதனை உற்று நோக்குவதில்லை. ஒரு முக்கோணத்துக்குள் அடைபட்டவுடன் அதே வானம் நம் பார்வையை ஈர்க்கிறது. இயற்கையைக் காட்டுவதற்கு இயற்கையைச் சற்றே மறைக்க வேண்டியிருக்கிறது என்பதை ஆண்டோ நன்கு உணர்ந்திருந்தார்.

மோனேயின் கூடத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். தரை முழுவதும் 2 சென்டிமீட்டர் அளவுள்ள வெள்ளைப் பளிங்குக் கற்கள். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 7,00,000. சுவர்கள் வெண்மையானவை, மூலைகள் வளைந்திருப்பதால் சுவர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பது புலப்படுவதில்லை. ஐந்து அல்லி ஓவியங்கள் அங்கே உள்ளன. மின்விளக்கு ஒன்றுகூட இல்லை. மேலிருந்து இறங்கும் ஒளி சுவர்களில் பட்டுச் சிதறி, ஓவியங்களின்மேல் மென்மையாகப் படிகிறது. மேகம் கடந்தால் கூடம் மங்குகிறது. மேகம் விலகினால் ஓவியத்திலுள்ள நீர் ஒளிர்கிறது. மழைநாளில் வருபவர் காணும் ஓவியமும் வெயில்நாளில் வருபவர் காணும் ஓவியமும் ஒன்றல்ல. இதனைக் குறை எனக் கருதுவோரும் இருக்கலாம். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, மந்தமான மாலையில் மங்கிய ஓவியத்தைக் கண்டு திரும்புவோருக்கு ஏமாற்றம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் மோனே குளத்தங்கரையில் கண்டது இந்த மாற்றத்தைத்தான்.

மற்ற இரு கூடங்களும் அமெரிக்கக் கலைஞர்களுக்கு உரியவை. வால்டர் டி மரியாவின் கூடத்தில், படிக்கட்டுகளின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் கோளம் அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் பொன்னிலை பதித்த 27 மரச்சிற்பங்கள். கூரைத் திறப்பின் வழியே வரும் ஒளி கோளத்தின் பளபளப்பில் நாள்முழுதும் இடம் மாறுகிறது. ஜேம்ஸ் டரெல் என்பவர் ஒளியையே மூலப்பொருளாகக் கொண்டு படைப்பவர். அவருடைய படைப்புகளுள் ஒன்று, கூரையில் வெட்டப்பட்ட சதுரம் மட்டுமே. அதன் வழியே தெரியும் வானம்தான் அங்கே காட்சிப்பொருள்.

கலைப்பொருள்களைச் சேர்த்துக் கூடத்தில் நிரப்புவதே அருங்காட்சியகங்களின் பொதுவழக்கம். இங்கோ மூவரின் படைப்புகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏற்பக் கூடம் வடிவமைக்கப்பட்டது. ஆதலின், படைப்பை வெளியே எடுத்தால் கூடம் பொருளிழக்கும். கூடத்தைவிட்டுப் பிரித்தால் படைப்பும் குறைவுபடும்.

இங்கு ஓர் ஐயம் எழுவது நியாயமே. குன்றைக் காப்பதற்காகக் குன்றையே தோண்டலாமா? மண்ணை அகழ்ந்து, கான்கிரீட்டை நிறைத்து, அதன்மேல் மீண்டும் மண்ணிட்டு மரம் நடுவது இயற்கைக்குச் செய்யும் நன்மை ஆகுமா? நிலத்தடிக் கட்டடம் என்பதாலேயே அது தீங்கற்றது என்று கூறிவிட முடியாது. மண்ணின் அழுத்தத்தைத் தாங்கச் சுவர்கள் வலுவாக இருக்க வேண்டும். நீர்க்கசிவும் ஈரப்பதமும் ஓவியங்களை அணுகாதபடி காக்க வேண்டும். இவை யாவும் பொருட்செலவு மிக்கவை. மேலே எழுப்புவதும் கீழே புதைப்பதும் நிலத்தைத் தொடும் செயல்களே. குன்றின் உருவத்தையும் கடலிலிருந்து காணும் காட்சியையும் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்தது என்ற அளவில்தான் சிச்சூவின் வழி உயர்ந்தது.

'வளத்தீவு' என்னும் பெயர்

நவோஷிமாவுக்குக் கிழக்கே தெஷிமா என்னும் தீவு உள்ளது. அப்பெயரை எழுதும் எழுத்துகளுக்கு 'வளமான தீவு' என்று பொருள். பெயருக்கேற்ப அங்கே இனிய நீரூற்றுகள் உண்டு; அந்நீரைக் கொண்டு மலைச்சரிவில் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைவித்தனர். சிறு தீவுகள் பலவற்றில் குடிநீரே அரிதாக இருக்க, நெல்விளையும் தீவு என்பது பெரும்பேறு.

அப்பேறு நிலைக்கவில்லை. 1970களின் பிற்பகுதி முதல், பெருநகரங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிற்கழிவுகள் தீவின் மேற்கு ஓரத்தில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்டன. பழைய வாகனங்களை நொறுக்கியபின் எஞ்சும் தூளும், எண்ணெய்க் கழிவும் திறந்தவெளியில் எரிக்கப்பட்டன. தீவுமக்கள் முறையிட்டும் நிருவாகம் நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. 1990ஆம் ஆண்டு காவல்துறை அவ்விடத்தைச் சோதனையிட்ட பின்னரே கொட்டுதல் நின்றது. ஆனால், கொட்டப்பட்டவை அங்கேயே கிடந்தன. 'வளத்தீவு' என்ற பெயர் மாறி, 'குப்பைத்தீவு' என்று நாடெங்கும் பேசப்பட்டது. அங்கே விளைந்த பொருள்களை வாங்கவும் மக்கள் தயங்கினர்.

தீவுமக்கள் ஓயவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். ககாவா மாநில அரசு அலுவலகத்தின் எதிரே மாதக்கணக்கில் முறைவைத்து நின்றனர்; ஊர்தோறும் சென்று தம் நிலையை எடுத்துரைத்தனர். 2000ஆம் ஆண்டில் சமரச உடன்பாடு ஏற்பட்டது. மாநில ஆளுநர் தீவுக்கு வந்து மக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். கழிவுகள் யாவும் அகற்றப்படும் என உறுதியளிக்கப்பட்டது. 2003 முதல் 2017 வரை, 9 லட்சம் டன்னுக்கும் மிகுதியான கழிவும் மாசுற்ற மண்ணும் கப்பலேற்றி அகற்றப்பட்டன. அவற்றைப் பெற்றுப் பதப்படுத்தியது எந்த இடம் தெரியுமா? நவோஷிமாவின் வடமுனை. ஒருகாலத்தில் தன் குன்றுகளின் மரங்களைக் கருகச் செய்த உருக்காலைத் தொழிலின் பட்டறிவு, அண்டைத் தீவின் கழிவைத் தீர்க்கப் பயன்பட்டது. தென்கரையில் மோனேயின் ஓவியங்களைக் காண மக்கள் வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில், வடகரையில் இப்பணி நடந்துகொண்டிருந்தது.

நீர்த்துளி போன்ற ஓடு

இத்தகைய வரலாறு கொண்ட தெஷிமாவில் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ரியுவே நிஷிசாவா. அதனுள் இடம்பெற்ற ஒரே படைப்பை உருவாக்கியவர் பெண் கலைஞர் ரெய் நைட்டோ. தேர்ந்தெடுத்த இடம், கடலை நோக்கி இறங்கும் சரிவு. உழுவதற்கு ஆளின்றித் தரிசாகிப் புதர் மண்டியிருந்த படிவயல்கள் அங்கே இருந்தன. கட்டடம் கட்டுவதோடு நில்லாமல், உள்ளூர் மக்களுடன் இணைந்து அவ்வயல்களையும் திருத்தி, மீண்டும் நெல் பயிரிடச் செய்தனர். அருங்காட்சியகத்தின் வடிவமைப்பில் வயலும் ஒரு பகுதி என்பதே இதன் பொருள்.

கட்டடமோ, தரையில் விழுந்த நீர்த்துளி போன்றது. நீளம் 60 மீட்டர். அகலம் 40 மீட்டர். கான்கிரீட்டின் கனம் வெறும் 25 சென்டிமீட்டர். இடையில் ஒரு தூண்கூட இல்லை. உயரம் மிகுந்த இடத்திலும் 5 மீட்டரை எட்டவில்லை. இவ்வளவு தாழ்வாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. உயர்ந்த குவிமாடம் எழுந்திருந்தால், சரிவின்மேல் மற்றொரு குன்று முளைத்ததுபோல் வயல்களை மறைத்திருக்கும். ஆனால், தாழ்ந்த ஓட்டைக் கட்டுவது கடினம். செங்குத்தாக உயரும் குவிமாடம் தன் எடையைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்குகிறது. தட்டையான ஓடு தன் விளிம்புகளை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அத்தள்ளுவிசையை அடித்தளம் இழுத்துப் பிடிக்காவிடில் ஓடு விரிந்து உடைந்துவிடும்.

கட்டிய முறையும் புதுமையானது. மரப்பலகைகளை அடுக்கி அச்சு அமைத்தால் பலகைகளின் இணைப்புக் கோடுகள் கான்கிரீட்டில் பதியும். நெளிந்து செல்லும் வளைவும் செம்மையாக அமையாது. எனவே மண்ணைக் குவித்து, வேண்டிய வளைவுக்கு இழைத்து, அந்த மண்மேட்டையே அச்சாகக் கொண்டனர். அதன்மேல் கம்பிகளை விரித்து, கான்கிரீட்டை ஊற்றினர். அது இறுகியபின், உள்ளிருந்த மண்ணை அகழ்ந்து வெளியேற்றினர். சிச்சூவில் கட்டடத்தை மண் மூடியது. தெஷிமாவில் மண்ணைக் கட்டடம் மூடியது, பின்னர் மண் விலகிக்கொண்டது. குயவரின் கைக்குப் பழகிய பொருளைக் கொண்டே இக்காலத்தின் துணிவான ஓடுகளுள் ஒன்று உருவாயிற்று.

ஓட்டில் நீள்வட்டத் திறப்புகள் இரண்டு உள்ளன. அவற்றில் கண்ணாடி கிடையாது. காற்று, மழை, பறவைக்குரல், உதிர்ந்த இலை, வழிதவறிய பூச்சி என எல்லாம் தடையின்றி உள்ளே வரும். சுவரில் ஓவியம் இல்லை. நடுவில் சிலையும் இல்லை. வெறும் தரையில் மயிரிழை போன்ற துளைகளிலிருந்து நீர் ஊறுகிறது. நீரை ஒட்டவிடாத தரையில் துளிகள் உருண்டு திரள்கின்றன, சற்றே நிற்கின்றன, பின்னர் ஒன்றையொன்று தேடுவனபோல் ஓடிக் கலக்கின்றன. மெல்ல மெல்ல ஓரிடத்தில் சிறு குளம் தேங்குகிறது. நாள்தோறும் நிகழும் இதுவே அங்குள்ள கலைப்படைப்பு. நுழைபவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு, பேச்சைக் குறைத்து, துளிகளை மிதித்துவிடாமல் நடக்கின்றனர். வெளியில் காண்பதற்கு எத்தனையோ இருந்தும், பலர் நெடுநேரம் தரையில் அமர்ந்து ஒரே துளியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

நீரூற்றால் பெயர்பெற்று, கழிவால் இழிபெயர் சுமந்த தீவில், நீரையே காட்சிப்பொருளாக்கியது தற்செயலாகத் தோன்றவில்லை.

கட்டடங்களுக்கு அப்பால்

அருகிலுள்ள இனுஜிமா என்னும் சிறு தீவில் மற்றொரு வழி பின்பற்றப்பட்டது. 1909இல் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் கைவிடப்பட்ட செம்பு உருக்காலையின் இடிபாடுகளும் புகைபோக்கிகளும் அங்கே இருந்தன. கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புய்ச்சி அவற்றை இடிக்காமல், புகைபோக்கியின் இழுப்பையும் மண்ணின் குளிர்ச்சியையும் கொண்டே உள்ளே காற்று இயங்கும்படி செய்து, 2008இல் அருங்காட்சியகமாக்கினார். மாசின் எச்சமும் நிலக்காட்சியின் ஒரு பகுதியே என அவர் ஏற்றுக்கொண்டார்.

நவோஷிமாவின் பழைய கிராமத்தில் ஆளற்றுக் கிடந்த வீடுகளும் 1998 முதல் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. முதல் வீட்டில் டட்சுவோ மியாஜிமா நீர்த்தொட்டி அமைத்து, அதனடியில் ஒளிரும் எண்பலகைகள் 125ஐ வைத்தார். ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விரைவாக மாற வேண்டும் என்பதைத் தீவுவாசிகள் 125 பேர் முடிவு செய்தனர். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது. தொண்ணூற்றைந்து வயது முதியவரும் இருந்தார். அதுவரை வெளியூரார் வந்து பார்க்கும் பொருளாக இருந்த கலை, அன்று தீவாரின் வீட்டுக்குள் வந்தது.

இவற்றால் தீவுகள் பழைய மக்கள்தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டன என்று கூற இயலாது. தெஷிமாவில் இன்று வாழ்வோர் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களுள் முதியவர்களே மிகுதி. திருத்திய வயல்களில் ஆண்டுதோறும் நாற்று நடவும் களை எடுக்கவும் கைகள் வேண்டும். ஓட்டின்மேல் படியும் பாசியையும் கறையையும் துடைப்பதற்கும் கைகள் வேண்டும். கழிவு கிடந்த மேற்கு ஓரத்தில், கடைசிக் கப்பல் சென்ற பிறகும் நிலத்தடி நீரைத் தூய்மையாக்கும் பணி தொடர்ந்தது. கிழக்குச் சரிவிலோ, தரையில் ஊறும் துளிகள் தேங்கியும் வடிந்தும், மறுநாட் காலையில் முதலிலிருந்து ஊறத் தொடங்குகின்றன.